ஓடையில் பொறுக்கிய பாசில் கற்களை என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் திருச்சி. காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கொழுந்தனார் குடும்பத்தோடு பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போயிருந்தோம். அங்கே ஓடைக்குள் இறங்கி அரை வாளிக்குக் கல் பொறுக்கிவிட்டோம். பிள்ளைகள் ‘புல்லட்’ என்று பெயர் வைத்த நீளக் கற்கள், சுருள் துண்டுகள், கண்ணாடி மாதிரி மினுக்கும் தகடுகள். மறுநாள் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாலையோரச் சுண்ணாம்புக்கல் குவியலில் பெரிய பெரிய சிப்பிகள் கிடந்தன, அவற்றையும் அதே வாளியில் போட்டுக்கொண்டோம். இப்போது பக்கத்து வீட்டு சார் ‘இது குற்றம், பிடித்துப் போடுவார்கள்’ என்று பயமுறுத்துகிறார். கொழுந்தனார் ஆன்லைனில் விற்கலாம் என்கிறார், டாய்லெட் ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்றும் சொல்கிறார். மாமியார் ஒரு சுருளைச் சாளக்கிராமம் என்று பூஜை அறையில் வைத்துவிட்டார். எது சரி? பெரியவன் (ஆறாம் வகுப்பு) ஓடைக் கரையில், மண்ணுக்குள் வட்ட வட்டமாக நாலைந்து வில்லைகள் வரிசையாக இருந்ததைப் பார்த்திருக்கிறான், இரு பக்கமும் குழிவாக இருந்ததாம். தீபாவளி விடுமுறைக்குச் சுத்தியல் எடுத்துப் போகலாம் என்று நச்சரிக்கிறான்.

பதில்: வணக்கம் சகோதரி. கடைசியாக, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் ஆறு மாதம் கழித்துக்கூடச் சரிசெய்துகொள்ளலாம், இது முடியாது. சுத்தியல் வேண்டாம். தம்பியிடம் அவன் பார்த்தது பெரிய விஷயமாக இருக்கலாம் என்று சொல்லுங்கள், ஆனால் அதைத் தோண்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

காரைப் பகுதிக் களிமண் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்தது. அந்தக் கடலில் சுறாக்கள் இருந்தன, இக்தியோசார் என்கிற, மீன் உருவம் கொண்ட கடல் ஊர்வனவும் இருந்தன. இரண்டின் மிச்சங்களும் காரையில் கிடைத்ததாக 2011-ல் வெளியான ஓர் ஆய்வே இருக்கிறது. இரண்டுக்குமே முதுகெலும்புத் துண்டு வில்லை வடிவம்தான், இரு பக்கமும் குழிவுதான். உங்கள் மகன் பார்த்தது வெறும் மண் உருண்டைகளாகவும் இருக்கலாம், கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் ‘வரிசையாக’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சுத்தியல் வேண்டாம் என்கிறேன். தனியாக ஒரு வில்லை ஓடையில் கிடந்தால் அது எங்கிருந்தோ உருண்டு வந்தது. நாலைந்து வரிசையாக மண்ணுக்குள்ளேயே இருந்தால், ஒரு விலங்கு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது என்று அர்த்தம், பின்னாலேயே விலா எலும்பும் மண்டையும் கரைக்குள் இருக்க வாய்ப்பு உண்டு. சுத்தியலால் தட்டினால் உங்கள் கைக்கு இரண்டு வில்லை வரும், மீதி அத்தனையும் நொறுங்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள், புருஹத்காயோசாரஸ். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகத்திலேயே மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை. களிமண்ணில் ஊறிக் கிடந்த எலும்பு எடுத்த பிறகு பொடிந்துபோய்விட்டது, மிச்சம் இருப்பது கையால் வரைந்த படங்களும் சில புகைப்படங்களும்தான். தொழில்முறையாகச் செய்தவர்களுக்கே அந்தக் கதி. இந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், உள்ளே இருக்கும் எலும்பும் கூடவே வெடிக்கும். அதனால் முறையாக எடுப்பவர்கள் எலும்பை நேரடியாகத் தொடுவதே இல்லை. விரிசல்களில் நீர்த்த பசையை விட்டு இறுக்கி, சுற்றிலும் அகலமாகப் பள்ளம் வெட்டி, ஈரத்தாள் ஒட்டி, அதன்மேல் பாரிஸ் சாந்தில் தோய்த்த சாக்குக் கீற்றுகளைச் சுற்றிக் காயவிட்டு, மண்ணோடு மொத்தமாகப் புரட்டி எடுப்பார்கள். ஒரு சின்னத் துண்டுக்கே அரை நாள் போகும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? போனில் எடுத்த படம் ஏதாவது இருந்தால், அதில் இடத்தின் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து அருகிலிருந்து ஒன்று, கரை முழுவதும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, இரண்டு படம் எடுங்கள், மேப்பில் பின் போட்டுக்கொள்ளுங்கள். திருச்சியிலேயே தேசியக் கல்லூரியில் நிலவியல் துறை இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது சென்னை கிண்டியில் இருக்கும் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இடத்தை வாட்ஸ்அப் குழுவிலோ ரீல்ஸிலோ போடாதீர்கள், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டைக் கற்கள் கிடைத்து ‘டைனோசர் முட்டை’ என்று பரவியது ஞாபகம் இருக்கலாம். கடைசியில் பார்த்தால் அவை அம்மோனைட் என்கிற, சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் பிராணியைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள். ஆனால் அதற்குள் ஊரே கூடிவிட்டது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தக் கரை சரிந்தாலும் சரியும், ஆகவே படம் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது வாளிக்கு வருவோம். நீங்கள் செய்ததில் பெரிய தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓடைக்குள் தளர்வாகக் கிடக்கும் கல் ஏற்கெனவே தன் இடத்தை விட்டு வந்துவிட்டது, எந்த அடுக்கில் இருந்தது என்பது அதற்கே தெரியாது. நீங்கள் எடுக்காவிட்டால் இரண்டு மூன்று மழையில் உருண்டு, உடைந்து, மண்ணோடு மண்ணாகும். அதை ஒரு பிள்ளை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லதுதான் என்பது என் கட்சி. இந்தத் தொழிலில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ‘எதையும் தொடாதே’ என்று சொல்பவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் காரைக்கு இப்போது வருகிற கூட்டம் அப்படி. ஒரு குடும்பம் அரை வாளி என்றால் ஒன்றும் ஆகாது, ஒரு கல்லூரிப் பேருந்தில் வரும் ஐம்பது பேரும் ஆளுக்கு ஒரு பை நிரப்பினால் அடுத்து வருகிறவனுக்குச் செம்மண் மேடுதான் மிச்சம். அதனால் கணக்கு இதுதான்: ஓடையில் தளர்வாகக் கிடந்தால், ஒவ்வொரு வகையிலும் நல்லதாக ஒன்றிரண்டு. கரையில் பதிந்திருந்தால் படம் மட்டும். பல்லோ எலும்போ மாதிரி இருந்தால், தளர்வாகக் கிடந்தாலும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு யாரிடமாவது காட்டிவிட வேண்டும்.

சட்டம் பற்றிப் பக்கத்து வீட்டு சார் சொன்னது முழுக்க உண்மையும் இல்லை, முழுக்கப் பொய்யும் இல்லை. புதைபடிவங்களுக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது, அவ்வளவுதான். அதற்காக எங்கே வேண்டுமானாலும் அள்ளலாம் என்று ஆகிவிடாது. எல்லாம் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. பட்டா நிலம் என்றால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்க வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் தடுப்பதில்லை, கேட்காமல் இறங்கினால்தான் கோபம் வரும். காப்புக்காடு என்றால் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. சிமென்ட் ஆலைச் சுரங்கங்களுக்குள் போகவே போகாதீர்கள், அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், செங்குத்தான சுவரும் ஆழமான தண்ணீரும் இருக்கிற இடம் அது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கும் கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்த அந்த 18 மீட்டர் மரத்தில் ஒரு சில்லு எடுத்தாலும் தப்புதான். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் அப்படியே.

உங்கள் வாளியில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு, அது நீங்கள் குற்றம் என்று நினைத்துக் கேட்டதும் இல்லை. காரைக் கற்களையும் கல்லங்குறிச்சிச் சிப்பிகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டீர்கள். இரண்டு ஊருக்கும் நடுவே கார்ப் பயணம் ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோதான், ஆனால் காலத்தில் நடுவே இருப்பது சுமார் 3 கோடி ஆண்டு. அந்தத் தடித்த, வளைந்த சிப்பி கிரைஃபியா என்கிற சிப்பி வகை, சுமார் 7 கோடி ஆண்டுப் பழசு. ‘புல்லட்’ அதைவிட 3 கோடி ஆண்டு மூத்தது. நல்லவேளை, இதை இன்னும் பிரித்துவிடலாம், சிப்பி தடிமனிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சுருள் துண்டுகளில்தான் சிக்கல் வரும், எது எந்த ஊரில் எடுத்தது என்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கே உட்கார வைத்துக் கேட்டுவிடுங்கள், அடுத்த மாதம் கேட்டால் மறந்திருப்பார்கள். நினைவில்லாததை ‘இடம் தெரியாது’ என்று தனியாக வையுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். தப்பான ஊர்ப் பெயர் எழுதிய கல், பெயரே எழுதாத கல்லைவிட மோசம்.

இடத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கத்துப் படிவங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் நடந்தே அளந்து பாறை அடுக்குகளைப் பிரித்தார், அதை வைத்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். அவர் ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் எந்த ஊர் என்று எழுதினார், ஓதியம், ஊட்டத்தூர், கருடமங்கலம் என்று. அந்த ஒரு வரி இருப்பதால்தான் 150 வருஷம் கழித்தும் ஒரு மாணவர் அதே ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் அதே அடுக்கைத் தேடிப் பார்க்க முடிகிறது. ஊர் எழுதாமல் இருந்திருந்தால் அவையெல்லாம் அழகான கல், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு கல்லிலும் கண்ணில் படாத ஓரத்தில் ஒயிட்னரால் சின்னப் பொட்டு வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தேதி, ஊர், ஓடையா கரையா, யார் எடுத்தது. மேப் குறியீடு இருந்தால் அதுவும். வைப்பதற்குக் கடையில் வீசி எறியும் முட்டை அட்டை போதும். சின்னவளுக்கு எழுத்து வேலை அலுத்தால் படம் வரையச் சொல்லுங்கள்.

உடைந்த ‘புல்லட்’ ஒன்று கட்டாயம் இருக்கும், முழுசாகக் கிடைப்பதே அரிது. அதன் உடைந்த முகத்தை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபுறமும் மெல்லிய நார் நாராகக் கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். அதன் பெயர் பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. வளர வளர வளையம் வளையமாகப் படிந்தது. மினுக்கும் தகடு பாசிலே கிடையாது, அது ஜிப்சம். நகத்தால் கீறினாலே கோடு விழும், கண்ணாடியில் விழாது, இது பிள்ளைகளே செய்து பார்க்கலாம். சுருள் துண்டுகளில் ஓரத்தில் இலை விளிம்பு மாதிரி மடிப்பு மடிப்பாகக் கோடு ஓடினால் அது அம்மோனைட், உள்ளே அறை அறையாகப் பிரித்த சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம் அது. கோடே இல்லாமல் வெறும் குழாய் சுருண்ட மாதிரி, விரல்நகம் அளவில் இருந்தால் கடல் புழு கட்டிய கூடாக இருக்கும், காரையில் அதுவும் நிறையக் கிடைக்கும்.

ஆசிட் விஷயம். கொழுந்தனாரிடம் பாட்டிலை வாங்கி எங்காவது ஒளித்து வையுங்கள். பெலம்னைட்டும் சிப்பியும் கால்சைட், அதாவது சுண்ணாம்புச் சத்து. டாய்லெட் ஆசிட் பட்டதும் நுரைத்துக்கொண்டு அந்த வளையங்களெல்லாம் கரைந்துபோகும், பளிச்சென்று ஆகுமா என்றால் ஆகும், அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வினிகர், எலுமிச்சை, புளி எல்லாம் அதே வேலையை மெதுவாகச் செய்யும். பல்லும் எலும்பும்கூட ஆசிட்டைத் தாங்காது. பழைய டூத் பிரஷ், காய்ந்த நிலையிலேயே முதலில் தேய்ப்பது, போகாவிட்டால் கொஞ்சம் தண்ணீர், நிழலில் காயவிடுவது. எலும்பு என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரும் வேண்டாம். மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மண்ணை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

விற்பது வேண்டாம். உடைந்த பெலம்னைட்டுக்கு யாரும் பெரிதாகப் பணம் தரப்போவதில்லை, தந்தால் இன்னும் ஆபத்து, அடுத்த வாரமே கடப்பாரையோடு நாலு பேர் அந்தக் கரையில் நிற்பார்கள். கொழுந்தனார் கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அதிகப்படியானவற்றைப் பிள்ளைகளின் பள்ளிக்கு, நோட்டில் எழுதியதன் நகலோடு கொடுங்கள். திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதாக இருந்தால் எடுத்த அதே ஓடையில்தான் போட வேண்டும், காவிரிக் கரையிலோ வீட்டுத் தோட்டத்திலோ கொட்டிவிடாதீர்கள், ஐம்பது வருஷம் கழித்து யாராவது அதைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் அம்மோனைட் என்று கட்டுரை எழுதிவிடுவார்கள்.

மறுபடி போனால் மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போங்கள். புதுசாகக் கழுவி வெளியே வந்திருக்கும், வெயிலும் தாங்கும். அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். மேற்கே கருத்திருந்தால் ஓடைக்குள் இறங்காதீர்கள், நம் தலைக்குமேல் தூறல்கூட இல்லாமல் தண்ணீர் வந்துவிடும். குடைந்து நிற்கும் கரைக்கு அடியில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள். சாத்தனூரையும் அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கள் எடுத்த துண்டு முழுசாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்வார்கள், அதன்பின் பொறுக்கும் ஆசை தானாகவே கொஞ்சம் அடங்கும்.

மாமியார் வைத்ததை எடுக்கச் சொல்லாதீர்கள். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது, நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான், அது கருப்புக் கல், காரைக் கல்லைவிட இன்னும் பழைய காலத்தது. எண் எழுதும்போது அடிப்பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள், அவர் மனம் கோணாது. துளசி, சந்தனம், பால் எல்லாம் இருக்கட்டும். தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறு அபிஷேகம் மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், புளிப்பு பட்டால் பெருமாள் கரைந்துவிடுவார்.